மாத்திரையை விட்டவள் இல்லை என் மகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பில் வலிப்பு நோய் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ‘மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் வலிப்பு நின்றுவிடும்; நிற்காதவர்கள் பாதியில் விட்டவர்களே’ என்ற வரி வரும்வரை நல்ல கட்டுரைதான்.

என் மகளுக்கு மாத்திரை ஆரம்பித்து ஒன்பது வருஷம். காலையில் ஒரு கோடு, ராத்திரி ஒரு கோடு என்று தினசரி காலண்டர் தாளின் ஓரத்தில் போட்டுவிட்டுத்தான் மறுநாள் கிழிப்பேன். கிழித்த தாள்கள் மூன்று பிஸ்கட் டின்களில் இருக்கின்றன. நிருபரை அனுப்புங்கள், எண்ணிப் பார்க்கட்டும். காபி தருகிறேன். இப்போது கொடுப்பது மூன்றாவது மருந்து. இன்னும் மாசத்துக்கு இரண்டு தடவை வருகிறது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வலிப்பு உள்ள 525 பேரைத் தொடர்ந்து பார்த்து 2000-ல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்குத் தெரியாததா? மருந்தே தொடாமல் வந்தவர்களில் முதல் மருந்துக்கு அடங்கியது 47 சதவீதம்தான். மொத்தத்தில் மூன்றில் ஒருவருக்கு நிற்கவில்லை. புது மருந்துகள் எத்தனையோ வந்தும், 2018-ல் அதே ஊரில் 1,795 பேரை வைத்துப் பார்த்தபோதும் கணக்கு பெரிதாக மாறவில்லை. அக்கா பையன் எடுத்துக் கொடுத்துப் படித்த எனக்கே இது தெரிகிறது.

சிகிச்சைக்கு முன்பே 20 தடவைக்கு மேல் வந்திருந்தால் அடங்குவது கஷ்டம் என்றும் அந்த 2000-ம் வருஷ ஆய்வில் இருக்கிறது. அதைப் படித்த ராத்திரி நான் தூங்கவில்லை. வகுப்பில் திடீரென்று வெறித்துப் பார்ப்பாள், வாயைச் சப்புக்கொட்டுவாள். ‘கவனம் இல்லை’ என்று டீச்சர் எழுதி அனுப்பினார். அதுவும் வலிப்புதான் என்று தெரியாமல் நாங்கள் தாயத்துக் கட்டினோம். அப்படியே ஒன்றரை வருஷம் போய்விட்டது. அது எங்கள் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். மாத்திரையை விட்ட தப்பு மட்டும் எங்களுடையது இல்லை.

அப்புறம் அந்தப் படம். கட்டுரைக்கு மேலே கையில் சாவிக்கொத்து! பேசின் பிரிட்ஜ் தாண்டி மின்சார ரயிலில் இவளுக்கு வந்தபோது, ஒரு புண்ணியவான் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கப் பார்த்து, அது நழுவி, வேல் போட்ட வளையம் உதட்டைக் கிழித்தது. தையல் தழும்பு இன்னும் இருக்கிறது. அதற்குள் வலிப்பு தானாகவே நின்றிருந்தது.

நாலு வருஷத்துக்கு முன் உங்கள் நகைச்சுவைப் பக்கத்தில் ‘காக்காய் வலிப்பு மாப்பிள்ளை’ வந்தபோதும் எழுதினேன். பதில் இல்லை. போன வருஷம் சட்டக் கேள்வி-பதிலில், வலிப்பைக் காரணம் காட்டிக் கல்யாணத்தை ரத்து செய்யலாம் என்றீர்கள். இந்துத் திருமணச் சட்டத்திலிருந்து அந்தச் சொல்லை 1999-லேயே எடுத்துவிட்டார்கள். இவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் அந்தப் பக்கத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். சரி, விடுங்கள்.

நான் கேட்பது இரண்டுதான். அந்த வரிக்கு அதே பக்கத்தில் ஒரு திருத்தம். அடுத்த தடவை சாவிக்கொத்துக்குப் பதில், ஒருக்களித்துப் படுக்கவைக்கும் படம்.

கடிதம் நீளம் என்று வெட்டுவீர்கள். வெட்டினால் சட்டத்தை வெட்டுங்கள். காலண்டரை வெட்டாதீர்கள்.

– ஒரு வாசகி, பெரம்பூர், சென்னை-11