சிவப்பு மூடியை நம்பி எடுக்காதே

கண்ணம்மா,

பெட்டியில் என்ன வைப்பது என்று அப்பா பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறார். லேப் விஷயத்தை மட்டும் அம்மா எழுதுகிறேன். ஜெர்மனியில் ஃபமுலாட்டூர் என்ற ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு வரும் மருத்துவ மாணவர்கள் கையில் முதலில் கொடுப்பது காலையில் ரத்தம் எடுக்கும் தட்டைத்தான். நரம்பு பார்த்துக் குத்த உனக்குத் தெரியும். ட்யூப்தான் புதுசு.

நம் ஊரில் சிவப்பு மூடி சீரம் (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிநீர்). மற்றவற்றில் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து இருக்கும்: ஊதா ஈடிடிஏ, வெளிர்நீலம் சிட்ரேட், பச்சை ஹெப்பாரின். அங்கே நிறைய வார்டுகளில் மோனோவெட் என்ற, சிரிஞ்ச் போல இழுக்கும் ட்யூபை வைத்திருப்பார்கள். அதன் ஐரோப்பிய நிறங்களில் சிவப்புதான் ஈடிடிஏ, பச்சைதான் சிட்ரேட். சீரத்துக்குப் பழுப்பு, ஹெப்பாரினுக்கு ஆரஞ்சு, சர்க்கரைக்கு மஞ்சள். ஊதா வந்தால் அது இ.எஸ்.ஆர்., அதாவது சிவப்பணு படியும் வேகம் பார்க்க. கை பழகிய வேகத்தில் சிவப்பை எடுத்து எலக்ட்ரோலைட் (ரத்த உப்புகள்) கேட்டு அனுப்பினால் பொட்டாசியம் எகிறும், கால்சியம் அதலபாதாளத்துக்குப் போகும். ட்யூபில் இருப்பது ஈடிடிஏவின் பொட்டாசியம் உப்பு, அது கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். லேபில் யாரும் கவனிக்காவிட்டால், இல்லாத பொட்டாசியத்துக்கு அந்த நோயாளிக்கு வைத்தியம் நடக்கும். சில ஆஸ்பத்திரிகளில் நம் நிறங்களே இருக்கும். அதனால் மூடியைப் பார்க்காதே, லேபிளில் உள்ள எழுத்தைப் படி.

சீரமும் சிட்ரேட்டும் எடுத்த பிறகே ஈடிடிஏ எடுப்பதும் இதற்காகத்தான். சீரம் முதலிலா சிட்ரேட் முதலிலா என்பது இடத்துக்கு இடம் மாறும், வார்டில் கேட்டுக்கொள். கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் இருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் அது. ரத்தம் குறைந்துவிட்டது என்று ஒரு ட்யூபிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றவே கூடாது.

மோனோவெட்டில் தண்டை நீயேதான் இழுக்க வேண்டும். அவசரமாக இழுத்தால் நரம்பு ஒட்டிக்கொள்ளும், ரத்த அணுக்களும் உடையும். மெதுவாக, ரத்தம் வரும் வேகத்துக்கு இழு. ரத்தம் வந்ததும் கையில் கட்டிய டூர்னிகேவைத் தளர்த்து, ஒரு நிமிஷத்துக்கு மேல் கட்டி வைக்காதே. நோயாளியைக் கையை மூடித் திறக்கச் சொல்லாதே, அதிலும் பொட்டாசியம் கூடும். சிட்ரேட்டில் ஒரு பங்குக்கு ரத்தம் ஒன்பது பங்கு, கோடு வரை நிரம்பாவிட்டால் உறைதல் நேரம் நீண்டு காட்டும். பட்டர்ஃபிளை ஊசியில் முதல் ட்யூபே சிட்ரேட் என்றால் குழலில் உள்ள காற்று அளவைத் தின்றுவிடும், வீணாகப் போகிற ஒரு ட்யூபை முன்னால் போடு. கடைசியில் முதலில் ட்யூபைக் கழற்று, பிறகுதான் ஊசியை உருவு. பிறகு தண்டைக் கடைசி வரை இழுத்து ஒடித்துவிடு. ட்யூபைக் குலுக்காமல் எட்டு, பத்து தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்து.

பெயரை நீ சொல்லி "நீங்கள்தானே?" என்று கேட்காதே. காது சரியாகக் கேட்காத பாட்டி எதற்கும் தலையாட்டுவார். "வீ ஹைசென் ஸீ?" என்று கேட்டு அவர் வாயாலேயே பெயரைச் சொல்ல வை, பிறந்த தேதியையும் கேள். இரண்டையும் ஸ்டிக்கரோடு ஒத்துப் பார். குறிப்பாக, ரத்தம் ஏற்றும் முன் பொருத்தம் பார்க்கும் கிராஸ்மேட்ச் ட்யூபில். அங்கே ஆள் மாறினால் உயிர் போகும், கண்ணா.

ஊசி உன் கையில் பட்டால் பிதுக்காதே. சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே சீனியரிடம் சொல், வெட்கப்பட்டு ஒளிக்காதே. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் சாப்பிட வேண்டும்.

ஹெபடைடிஸ் பி ஊசி போட்டாயிற்று என்று நீ சொன்னால் அவர்களுக்குப் போதாது, ஆன்டி எச்பிஎஸ் (அந்த ஊசியால் உண்டான எதிர்ப்புப் புரதம்) அளவு கேட்பார்கள். அங்கே எதிர்பார்ப்பது லிட்டருக்கு 100 யூனிட். அதற்குக் குறைந்தால் ஒரு டோஸ் போட்டு, நான்கு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கிளம்ப மூன்று மாதம் இருக்கும்போதே இந்த வாரம் அந்தப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிடு. தட்டம்மை இரண்டு டோஸுக்கான சான்றும் கேட்பார்கள், 2020 மார்ச்சிலிருந்து அங்கே அது சட்டம். உன் சின்ன வயசுத் தடுப்பூசி அட்டை பீரோவில் இருக்கிறது. ஸ்கேன் செய்து நாளை அனுப்புகிறேன்.

அம்மா