வேட்டித் திரையில ஓடுன படம்

மாப்ள,

உன் மெயில் வந்து பத்து நாளாச்சு, பதில் போடலன்னு கோவிச்சுக்காத. இங்க வீட்டுல படைப்பு, முன்னோருக்குப் படைச்சுக் கும்புடுறது, பங்காளிக எல்லாம் சென்னை பெங்களூருன்னு திசைக்கு ஒண்ணா இருந்தவுக மொத்தமா வந்து எறங்கிட்டாக, எனக்கு அரிசி மூட்டை எடுக்கவும் ஆளுகளுக்குப் பாய் எண்ணிப் போடவுமே நேரம் சரியாப் போச்சு. நேத்துதான் கடைசி காரும் கெளம்புச்சு. இப்ப வீடு கம்முனு கெடக்கு, பத்தித் தாழ்வாரம் பூரா பிள்ளைக சிந்துன சீயத் துணுக்குல எறும்பு மட்டும் ஊருது.

நீ கேட்டிருந்தியே ஸ்கை ஹை படம், உன் பொண்ணுக்குக் காட்டலாமான்னு. அதத்தான் மாப்ள நாங்க படைப்புக்கு மறுநா ராத்திரி போட்டோம்! சென்னைல இருக்குற தம்பி மவன் ஒரு சின்ன ப்ரொஜெக்டர் கொண்டாந்திருந்தான், திரைக்கு ஐயாவோட எட்டு முழ வேட்டிய எடுத்து வளவுல ரெண்டு தூணுக்கு நடுவுல கயிறு கட்டித் தொங்கவிட்டு துணி கிளிப்பு மாட்டுனோம். வளவுதான் மேல தெறந்து கெடக்கே, காத்து அடிக்கிறப்பெல்லாம் வேட்டி உப்பும், படத்துல பஸ்ஸு பறக்குற சீன்ல பஸ்ஸு தன்னால வளைஞ்சு நெளிஞ்சு போச்சு, பிள்ளைகளுக்கு அதுவே த்ரீடி மாதிரி ஆயிருச்சு, ஒரே கூச்சல். வேட்டிக் கரை வேற திரைக்கு ஓரத்துல பச்சையா தெரியுது.

படம் பழசு மாப்ள, 2005ல வந்தது, டிஸ்னி கம்பெனி எடுத்தது. கதை உனக்கு மறந்திருந்தா சொல்றேன். அப்பனும் ஆத்தாளும் ஊரறிஞ்ச சூப்பர் ஹீரோக்க, கமாண்டர், ஜெட்ஸ்ட்ரீம்னு பேரு. பகல்ல மட்டும் சாதாரண ஆளுக மாதிரி வேஷம், அதுக்கு அவுக பாக்குற வேலை என்ன தெரியுமா, ரியல் எஸ்டேட்! இங்க சிரிச்ச சிரிப்புல தூணே ஆடிப்போச்சு, ஏன்னா எங்க பங்காளிகள்ல பாதிப்பேரு அதத்தான் பாக்குறாக, ஒருத்தரும் இன்னும் பறக்கல. மவன் வில்லு, அவனுக்கு பதினாலு வயசு, இன்னும் ஒரு பவரும் வரல. ஆனா அப்பன்கிட்ட சொல்ல பயந்துக்கிட்டு அந்தரத்துல மிதக்குற அந்த ஸ்கூலுக்குப் போறான். மொத நாளே ஜிம்முல எல்லாப் பிள்ளையையும் வரிசையா மேடைல ஏத்தி ஒன்கிட்ட என்ன இருக்கு காட்டுங்குறாரு கோச்சு. காட்டுனா ஒத்த வார்த்தைல தீர்ப்பு, ஹீரோ, இல்லாட்டி சைட்கிக், அதாவது ஹீரோவுக்குத் துணையாளு. அம்புட்டுதான், நாலு வருஷத்துக்கு அதுதான் தலையெழுத்து.

அந்த சீன் ஓடுறப்ப எனக்கு என்ன ஞாபகம் வந்துச்சுன்னு உனக்கே தெரியும். பத்தாவது மார்க் ஷீட்டக் கையில வச்சுக்கிட்டு நம்ம ரெண்டு பேரும் அந்த வராண்டாவுல நின்னோம்ல, ஜன்னலுக்கு உள்ளேருந்து கிளார்க்கு பேரு படிச்சாரு, உன் பேரச் சொல்லி மொத குரூப்புன்னாரு, நாலு பேரு தாண்டி என் பேரச் சொல்லி மூணாம் குரூப்புன்னாரு, மூக்குக்கண்ணாடிய கூட நிமித்திப் பாக்கல மனுஷன். நீ எம் மொகத்தப் பாக்காம செருப்பக் குனிஞ்சு பாத்துக்கிட்டு நின்ன. அப்பறம் கோலி சோடா வாங்கிக் குடுத்த, காசு நீதான் குடுத்த, அதுவும் ஞாபகம் இருக்கு.

சரி, படம் பாத்துட்டு யாரு யாரு என்ன சொன்னாகன்னு சொல்றேன்.

தம்பி மவனுக்கு பதிமூணு வயசு, ப்ரொஜெக்டர் ஓனரு, அவன் பத்து நிமிஷத்துலயே மொகத்தச் சுளிச்சுட்டான். கிராபிக்ஸ் கேவலம், மார்வெல் படம் பக்கத்துல வைக்க முடியுமா, இது டிவி சீரியல் மாதிரி இருக்குங்குறான். நான் சொன்னேன், இந்தப் படத்துக்குப் போட்டது 35 மில்லியன் டாலருதான்டா, உன் மார்வெல்காரன் பெரிய படம் ஒண்ணுக்கு இந்த மாதிரி நாலஞ்சு மடங்கு கொட்டுறான், இவன் அத வச்சு 86 மில்லியன் சொச்சம் பாத்துட்டான், வட்டிக் கணக்குப் பாத்தா மோசமில்லன்னேன். பயலுக்கு வட்டிக் கணக்குல ஆர்வம் இல்ல. காலம் மாறிப்போச்சு மாப்ள.

பெங்களூரு அண்ணன் இது ஹாரி பாட்டர் காப்பின்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டாரு. அங்க பிள்ளைகள மந்திரத் தொப்பி பிரிக்கிது, இங்க கோச்சு பிரிக்கிறாருன்னு. சொல்லிட்டுத் தூங்கியும் போயிட்டாரு, அதுனால அந்தக் கருத்த நான் எண்ணிக்கைல சேக்கல.

அண்ணன் மக காலேஜ் மூணாவது வருஷம், அதுதான் சரியாப் பாத்துச்சு. செடி கொடி எல்லாத்தையும் ஆட்டிவைக்கிற லைலான்னு ஒரு பொண்ணு, அந்தப் பொண்ணு மட்டுந்தான் மேடையேற மாட்டேன், இப்படிப் பிரிக்கிறதே தப்புன்னு சொல்லும், சொன்னதுக்காகவே சைட்கிக் கிளாஸ்ல தள்ளிருவாக. இவ்ளோ நிமிந்து நிக்கிற பிள்ளை எதுக்கு படம் பூரா அந்த வில்லுப் பய திரும்பிப் பாப்பானான்னு காத்துக்கிட்டு கெடக்குதுன்னு அண்ணன் மகளுக்கு ஒரே எரிச்சல். வில்லிய வேற சீக்கிரமே கண்டுபிடிச்சிருச்சு. நீ பொண்ணுக்குக் காட்டுறதா இருந்தா இந்த பாராவை அவகிட்ட படிச்சுக் காட்டாத: அந்த அழகான சீனியர் பொண்ணு க்வென்தான் வில்லி. இவ முன்னாடி ஒரு பிறவில இதே ஸ்கூல்ல கமாண்டர் கூடவே படிச்சவ, மெஷினையெல்லாம் மனசால ஆட்டிவைக்கிற பவரு, அந்தக் காலத்துல அத ஒரு பவருன்னே எவனும் மதிக்கல, கேலி பண்ணிருக்காக. அந்தக் காண்டுல ஆளுகள கைக்குழந்தையா மாத்துற துப்பாக்கி ஒண்ணு செஞ்சு, அது வெடிச்சு அவளே குழந்தையாகி, மறுபடி வளந்து வந்திருக்கா. அண்ணன் மக சொல்லுது, அவள அப்பவே ஒழுங்கா நடத்தியிருந்தா இந்தப் படமே இல்ல சித்தப்பா, ஒரு கேவலமான ஸ்கூல் பண்ணுன வேலை இதுங்குது. எனக்கு அது சரின்னுதான் பட்டுச்சு.

வீட்டு ஆச்சிக்கு, அதான் எம் பொண்டாட்டிக்கு, பிடிச்சது ஹெட்மிஸ்ட்ரஸ். 1970கள்ல டிவில வொண்டர் வுமனா வந்த லிண்டா கார்ட்டர்தான் அது. கடைசில அந்தம்மா நான் ஒண்ணும் வொண்டர் வுமன் இல்லையேன்னு ஒரு வசனம் விடும், நான் மட்டும் கெக்கேபெக்கேன்னு சிரிச்சேன், மத்த எல்லாரும் திரும்பி என்னப் பாத்தாக. விளக்கிச் சொல்லி ஜோக்க மேலும் கொன்னதுதான் மிச்சம். கமாண்டரா வர்ற கர்ட் ரஸ்ஸல் பத்தியும் அப்பவே சொன்னேன், அவரு சின்னப் பயலா இருந்தப்பவே டிஸ்னி படத்துல நடிச்சவரு, 1969ல கூட ஒண்ணுல காலேஜ் பையனா வந்தாரு, இப்ப அதே கம்பெனிக்கு அப்பன் வேஷம்னு. யாரும் கேட்டுக்கல.

இப்ப அப்பத்தா கதைக்கு வர்றேன்.

அப்பத்தாவுக்கு எம்பத்தெட்டு, இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது, ஆனா படம் முடியிற வரைக்கும் சாய்மானத்த விட்டு எந்திரிக்கல. ஊதா முடி வச்ச பொண்ணு ஒண்ணு சின்ன கினி பன்றியா மாறும், அதப் பாத்து ‘ஏண்டி, பெருச்சாளியா மாறுறதுக்கா பள்ளிக்கொடம் போறா’ன்னாக. எல்லாப் பெரிய ஆளுகளும் கைக்குழந்தையாகி அழுவுறப்ப, எத்தனை அணையாடை வேணும்னு கணக்குப் போட்டாக. நடுவுல என்னப் பாத்து, ‘அந்தப் பயலுக்கு என்ன கொறை, எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கான்’னாக. சைட்கிக்க எப்படித் தமிழ்ல சொல்றதுன்னு யோசிச்சேன், பட்டுனு ஐயா காலத்துக் கடைப் பேச்சு வாயில வந்துருச்சு, அவன அடுத்தாளாப் போட்டுட்டாக அப்பத்தா, மேலாள் ஆக முடியாதுன்னுட்டாகன்னேன்.

வந்துச்சு பாரு கோவம். ‘அடுத்தாளுன்னா என்ன கொறைச்சலு? ஒங்க ஐயா பினாங்குல மொதல்ல பெட்டியடிப் பையன், அப்பறம் ரெண்டு கணக்கு அடுத்தாளு, மூணு வருசம் ஒரு கணக்கு, கூட்டிக்க. மேலாள் ஊருக்கு வந்துட்டா கிட்டங்கிக் கடைல பெட்டிச் சாவி யாரு இடுப்புல கெடக்கும்? பேரேட்டுல ஒரு வெள்ளி ஒதைச்சா யாரு ராவெல்லாம் முழிச்சிருக்கிறது?’ன்னு எழுந்து ஒக்காந்துட்டாக. பிள்ளைக படத்த விட்டுட்டு அப்பத்தாவப் பாக்குதுக. கடைசியா கேட்டாகளே ஒரு கேள்வி, ‘அந்தப் பிள்ளைகளுக்குச் சம்பளம் உண்டா இல்லியா?’ படத்துல அதுக்குப் பதில் இல்ல மாப்ள. அதுனாலயே அப்பத்தா கருத்துல அது சரியான ஸ்கூல் இல்ல.

நான் எங்க ஆடிட்டர் ஆபீஸ்ல 23 வருஷமா என்னவா இருக்கேன்னு உனக்கே தெரியும். சார் கையெழுத்துப் போடுவாரு, போடுற வரைக்கும் உள்ள வேலை என்னது. அதுனால எனக்கு அந்த சைட்கிக் கிளாஸ் பிள்ளைகள ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஒருத்தன் இருட்டுல மினுங்குவான், வேற ஒண்ணும் வராது. ஒருத்தன் உருகித் தரையில தண்ணியாக் கெடப்பான். அவுகளுக்குப் பாடம் எடுக்குற வாத்தியாரே கமாண்டருக்கு முந்தி அடுத்தாளா இருந்தவரு, பாவம், இன்னமும் அந்தப் பெருமையிலயே காலம் ஓட்டுறாரு. கடைசில ஸ்கூலு வானத்துலேருந்து கீழ விழுகுறப்ப அந்தப் பெருச்சாளிப் பொண்ணுதான் குழாய்க்குள்ள பூந்து ஒயரக் கடிச்சு நிறுத்தும். அப்பத்தா கைதட்டுனாக.

ஆனா ஒரு எடத்துல படம் ஏமாத்திருச்சுன்னு எனக்கு ஒரு நெனப்பு, நீ பாத்தா சொல்லு. முக்கால்வாசிப் படம் அடுத்தாளுக பக்கம் நின்னுட்டு, நடுவுல அந்த வில்லுக்கு மட்டும் சாப்பாட்டு ரூம் சண்டையில அப்பன் பலம் வந்துருது, ஒடனே ஹீரோ கிளாஸுக்குத் தூக்கிருவாக, கடைசில ஆத்தா மாதிரி பறக்கவும் வந்துருது. ரெண்டு சொத்தும் அவனுக்கே! பவரே வராத ஆளு ஒருத்தரு உண்டு, பஸ் டிரைவரு, ரான் வில்சன், அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் சூப்பர் ஹீரோக்க, இவருக்கு ஒண்ணும் வரல, அம்புட்டுச் சந்தோசமா பஸ்ஸு ஓட்டுறாரு, எனக்கு படத்துலயே பிடிச்ச ஆளு அவருதான். அவரக்கூட சும்மா விடல, முடிவுல ரசாயனத் தொட்டில விழுந்து ராட்சசன் கணக்கா வளந்துட்டாருன்னு சொல்லித்தான் அனுப்புறாக. ஏன், பஸ்ஸு ஓட்டுனா போதாதா.

இத நானா யோசிக்கல, எம் மவன் கேட்டான். அவனுக்கு இப்பத்தான் பத்தாவது முடிஞ்சிருக்கு, அடுத்த மாசம் ரிசல்ட்டு. வீட்டு ஆச்சி மொத குரூப்புன்னு முடிவே பண்ணிட்டா, ட்யூஷனுக்கு அட்வான்ஸ் கூட குடுத்தாச்சு. அவன் வாயத் தெறந்து ஒண்ணும் சொல்றதில்ல, நோட்டு பின்பக்கம் பூரா ஆத்தங்குடி கல்லு டிசைனா வரைஞ்சு வச்சிருக்கான், ஒரு பூவு நாலு கல்லுல முழுசாகுற மாதிரி, நான் அளந்து பாத்தேன், ஒரு கோடு பிசகல. படம் முடிஞ்சு எல்லாரும் படுக்கப் போனப்பறம் வேட்டிய மடிக்க அவன்தான் கூட நின்னான். ஒரு முனை என் கையில, ஒரு முனை அவன் கையில. ‘அப்பா, அவனுக்குக் கடைசி வரைக்கும் பவரே வரலன்னா படத்த எப்டி முடிச்சிருப்பாங்க’ன்னான். நான் சட்டுனு, கிளிப்ப எண்ணி வைடா பன்னெண்டு இருக்கணும்னு சொல்லிட்டேன். பதினொண்ணுதான் இருந்துச்சு, ரெண்டு பேரும் டார்ச் அடிச்சு ரொம்ப நேரம் தேடுனோம், கிளிப்பு கெடைக்கல.

சரி, உன் கேள்விக்கு வர்றேன். தாராளமாக் காட்டு, எட்டு வயசுப் பிள்ளைக்குப் பயப்படுற மாதிரி ஒண்ணும் கெடையாது, லேசாக் காதல், ஒரு முத்தம் உண்டு, அம்புட்டுதான். ஒரே ஒரு விஷயம், அவ கூட நீயும் ஒக்காந்து பாரு, மொபைல நோண்டாம. உனக்குப் பிடிச்ச கேரக்டர் யாருன்னு எனக்கு எழுது. மொத குரூப்பு ஆளு நீ, நீ யாரச் சொல்லுவங்குறது எனக்கு வேணும்.

ஆனி மாசம் வர்றதா சொன்னியே, டிக்கெட் போட்டாச்சா? அப்பத்தா ஒனக்கு வெள்ளைப் பணியாரமும் வரமிளகாச் சட்னியும் சுட்டுத் தர்றதா சொல்லிருக்காக, சொல்லிட்டு ‘அவன் இன்னும் அடுத்தாளா, மேலாளாயிட்டானா’ன்னும் கேட்டாக. என்ன சொல்லட்டும்?

வர்றப்ப பையனுக்கு நல்ல டிராயிங் பேனா செட்டு ஒண்ணு வாங்கியா, ஜீரோ பாயிண்ட் ஒண்ணுலேருந்து இருக்கணும். காச நான் தர்றேன், கோலி சோடாக் கணக்குல கழிச்சிராத. வீட்டு ஆச்சி காதுல போட்டுறாத.

உன்
மூணாம் குரூப்பு