எடுக்கும் முன் எங்கள் மண்ணைச் சோதியுங்கள்

மதிப்பிற்குரிய நெடுஞ்சாலை நில எடுப்பு அலுவலர்களுக்கும் கடலூர் மாவட்ட நிர்வாகத்தினருக்கும், வணக்கம்.

உப்பனாற்றை ஒட்டிய எங்கள் ஊரில் சாலைக்காக எல்லைக் கல் நட்டதும், அதையொட்டி நடந்த கூட்டங்களும் தாங்கள் அறிந்தவையே. சாலை வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. சென்ற வாரம் என் வயலுக்கு அளக்க வந்தவர்கள் தென்னைகளை எண்ணினார்கள், ஆழ்துளைக் கிணற்றைக் குறித்துக்கொண்டார்கள், மோட்டார் கொட்டகையின் நீள அகலத்தை நாடா பிடித்துப் பார்த்தார்கள். காலடியில் கிடந்த மண்ணை ஒரு பிடி அள்ளிப் பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

2015 நவம்பர் வெள்ளம் வடிந்தபோது என் மேற்குப் பங்கில் 25 சென்ட் பரப்புக்குக் கரிய சேறு ஒரு சாண் உயரம் தங்கிவிட்டது. ஆண்டுதோறும் வரும் வண்டலின் மணம் அதில் இல்லை. காய்ந்ததும் சாம்பல் நிறத்தில் ஏடு கட்டி, பெயர்த்தால் பொடியாகாமல் ஓட்டுச் சில்லு போல உடைந்தது. அதில் இறங்கிக் களை எடுத்த என் தாயாருக்குக் கணுக்கால் வரை தோல் தடித்துச் சிவந்து, வாரக்கணக்கில் தேங்காயெண்ணெய் தடவியும் அடங்கவில்லை. பத்து நாளில் பச்சை பிடிக்க வேண்டிய நடவு, நுனி சிவந்து அப்படியே நின்றது. எந்த ஆலையையும் நான் குற்றம் சாட்டவில்லை, ஏனெனில் சாட்டுவதற்கு வேண்டிய சோதனை முடிவு என்னிடம் இல்லை. மண்ணை எடுத்துக்கொண்டு போய்ச் சோதனைக்குக் கொடுத்து மண் வள அட்டையும் வாங்கினேன். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம் என்று 12 விவரங்கள் அதில் இருந்தன. ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் குரோமியத்துக்கும் பாதரசத்துக்கும் அதில் இடமே இல்லை. எவ்வளவு உரம் போடலாம் என்று சொல்வதற்கான அட்டை அது. மண்ணில் நஞ்சு இருக்கிறதா என்று அது சொல்லாது.

மேலே தார் போடப்போகிற நிலத்தில் மண் எப்படி இருந்தால் என்ன என்று தாங்கள் கேட்கக்கூடும். சாலைக்குக் கரை கட்டும் முன் 15 செ.மீ. வரை மேல்மண்ணைச் சீவி, குவித்து வைத்து, பின்னர் கரைச் சரிவிலும் செடி நடும் இடங்களிலும் பரப்புவது வழக்கம். ஓர் ஏக்கருக்கு அது ஏறக்குறைய 600 கன மீட்டர், அதாவது மூன்று யூனிட் டிப்பரில் 70 லோடுக்கு மேல். ஈயமும் காட்மியமும் மக்கி அழிபவை அல்ல. பெரும்பாலும் மேல்மண்ணிலேயே தங்கி நிற்பவை. ஆகவே என் வயலில் இருப்பது நஞ்சுதான் என்றால், அது வண்டி ஏறி வேறொருவர் வீட்டு வாசலுக்கும், சாலைக்குப் போக எஞ்சும் என் அரை ஏக்கருக்கும், மழை பெய்தால் வாய்க்காலுக்கும் போய்ச் சேரும். குவியலுக்குப் பக்கத்தில் விளையாடும் பிள்ளைகள் அந்தப் புழுதியைத்தான் சுவாசிப்பார்கள்.

எங்கள் பங்கையும் மறைக்கவில்லை. 1997-இல் தடை வரும் வரை பி.எச்.சி. என்ற பூச்சிமருந்துத் தூளை வெறுங்கையால் வயலில் தூவியவர்கள் நாங்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தும் வரை எண்டோசல்பான் பூச்சிமருந்து அடித்தவர்களும் நாங்களே. அவற்றின் மிச்சமும் மண்ணில் இருக்கலாம். அதனால்தான் கேட்கிறோம்: எடுக்கும் முன் சோதியுங்கள்.

தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி, நிலம் எடுக்கப்போவதாகச் சொல்லும் 3ஏ அறிவிக்கை வந்து 21 நாட்களுக்குள் ஆட்சேபம் சொல்ல எங்களுக்கு உரிமை உண்டு. எடுப்பை உறுதிசெய்யும் 3டி அறிவிக்கை வந்துவிட்டால் நிலம் மத்திய அரசுக்குச் சேர்ந்துவிடும். அதன் பிறகு மண்ணில் எது கிடந்தது என்று கேட்க எங்களுக்கு என்ன உரிமை இருக்கும்? மாசடைந்த இடங்களைக் கண்டறிந்து பட்டியலிட 2025-இல் மத்திய அரசு தனி விதிகளே கொண்டுவந்திருக்கிறது. சந்தேகத்துக்குரிய நிலம் இதோ இருக்கிறது என்று உழுகிறவனே முன்வந்து சொல்லும்போது அதைக் கேட்டுக்கொள்ள ஏன் இவ்வளவு தயக்கம்? நெய்வேலிக்கு நிலம் கொடுத்த மாவட்டம் இது, தொழிற்பேட்டைக்கும் கொடுத்தது, இப்போது சாலைக்கும் கொடுக்கிறது. ஒவ்வொரு முறையும் எங்கள் மரங்களை எண்ணினார்கள், வீடுகளை எண்ணினார்கள். எங்கள் உடம்புக்கு என்ன ஆகும் என்ற கணக்கை எந்தக் கோப்பிலும் நாங்கள் பார்த்ததில்லை.

சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். 3டி அறிவிக்கைக்கு முன்பாக, ஒவ்வொரு சர்வே எண்ணிலும் மேல்மண்ணிலும் அடிமண்ணிலும் தனித்தனியே மாதிரி எடுத்து, ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களுக்கும் பூச்சிமருந்து எச்சங்களுக்கும் சோதித்து, முடிவை நிலத்துக்காரரிடம் தமிழில் எழுத்துப்பூர்வமாகத் தரவேண்டும். மாசு இருப்பதாகத் தெரிந்தால் அந்த மேல்மண்ணை வேறெங்கும் பரப்பாமல் பாதுகாப்பாக அகற்ற வேண்டும். அதைக் காரணம் காட்டி இழப்பீட்டைக் குறைக்கமாட்டோம் என்ற உறுதியும் வேண்டும். அந்த அச்சத்தால்தான் என் பக்கத்து வயல்காரர்கள் பலர் வாய் திறக்காமல் இருக்கிறார்கள்.

தை அறுப்பு முடிந்தால் வயல் காய்ந்திருக்கும், குழி வெட்டச் சிரமம் இராது. வரும் நாளை மட்டும் முன்கூட்டித் தெரிவியுங்கள். மண்வெட்டியோடு வரப்பில் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
நிலம் கொடுக்கவிருக்கும் விவசாயி,
கடலூர் வட்டம்.