மூலத்துப் பக்கம் ஒரு சாளரம்

மண்டபம்,
ஆடி அமாவாசைக்கு மறுநாள்

அன்பு மாப்ளே,

பாப்பாவுக்கு மூல நட்சத்திரம் என்று அந்தச் சம்பந்தமும் தட்டிப்போனதாக எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

நேற்று ராமேசுவரம் போய் அப்பாவுக்குத் திதி கொடுத்தேன். அக்கினி தீர்த்தக் கூட்டத்தில் செருப்பு தொலைந்ததுதான் மிச்சம். ராத்திரி பத்து மணிக்குக் கரண்ட் போனது. மொட்டை மாடிக்கு ஏறினால், தெற்கே கடலுக்கு மேல் தேளின் வால். உன் மகளின் மூலம் அதுதான். அதற்கு இடப்பக்கம் கெண்டி மாதிரி தனுசு. இரண்டுக்கும் நடுவில் பால்வெளி தடித்துக் கிடக்கிறது. நம் விண்மீன் மண்டலத்தின் மையம் அந்தத் திசையில், ஏறக்குறைய 26,000 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது.

போன தடவை நீ வந்தபோது, நம் மண்டலத்தை ஓரம் மெலிந்து நடு உப்பிய ஆப்பம் என்றேன், ஞாபகமிருக்கா? அது சரிதான். ஆனால் அந்த உப்பல் சின்ன மண்டலங்களை விழுங்கியே பெருத்தது என்றும் அடித்துப் பேசினேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பந்து போல் உருண்ட நடுப்புடைப்புகளுக்கு அந்தக் கதை பொருந்தும். நம்முடையது அப்படி இல்லை. தட்டில் சுற்றிய விண்மீன்களே நடுவில் நீளமான தண்டாகத் திரண்டு, அந்தத் தண்டு மேலும் கீழும் நெளிந்து தடித்திருக்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் வேர்க்கடலைத் தொலி மாதிரி இருக்குமாம். நடுவில் தண்டு இருக்கவேண்டும் என்று வாயுவின் ஓட்டத்தை வைத்து 1964-இல் எழுதினார் வானியலாளர் தெ வோகூலர். நமக்குத் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன வருஷம். 1990-களில் கோபி செயற்கைக்கோள் அகச்சிவப்பில் பார்த்தபோது பெட்டி போன்ற அந்த வடிவம் தெரிந்தது.

நம்மூர்க் கடலில் திட்டாக எழும் மணல் தீடையை நினைத்துக்கொள். யாரும் லாரியில் கொண்டுவந்து கொட்டவில்லை. இருக்கிற மணலை நீரோட்டம்தான் கூட்டிச் சேர்க்கிறது. மண்டலத்தின் நடுவிலும் மணல் பழசு. பெரும்பாலான விண்மீன்களுக்கு 1,000 கோடி வயசுபோல ஆகிறது. தண்டு என்கிற தீடை அதற்குப் பிறகு விழுந்தது.

கரண்ட் போனதும் எனக்கு வானியலாளர் வால்டர் பாடேதான் நினைவுக்கு வந்தார். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, ஜெர்மானியர் என்பதால் அமெரிக்காவில் யுத்த வேலைக்கு அவரைச் சேர்க்கவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் விளக்கணைப்பு. மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கி கையில். பக்கத்து மண்டலமான ஆந்திரமேடாவின் நடுப்பகுதியைத் தனித்தனி விண்மீன்களாகப் பிரித்துப் பார்த்து 1944-இல் எழுதினார். வேலை கொடுக்காமல் விட்டதும் நல்லதாகப் போயிற்று! பிறகு நம் மண்டலத்தின் நடுவைத் தேடினார். மையத்தைத் தூசு மறைக்கிறது. ஆனால் கெண்டி மூக்கின் நுனிக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் தூசு மெலிந்திருக்கிறது. பாடே சாளரம் என்று அதற்குப் பெயர். அதன் வழியே நடுப்புடைப்பின் விண்மீன்களைத் தொலைநோக்கியில் பார்க்கலாம்.

மையத்தில் 40 லட்சம் சூரியன் எடையுள்ள கருந்துளை வேறு உட்கார்ந்திருக்கிறது. அதை நேரில் பேசுவோம்.

மாப்பிள்ளை வீட்டார் மூலம் என்றால் மாமனாரை மட்டும் பார்க்கிறார்கள். அடுத்த அமாவாசைக்குப் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வா, பைனாகுலர் இருக்கிறது. தள்ளிப்போடாதே, ஐப்பசியில் தனுசு சாயங்காலமே இறங்கிவிடும். கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை, மாடியில் உட்காரத் துண்டு வேண்டும்.

உன்
மச்சான்