எலெக்ட்ரிக் கார் வரைபவர்களுக்கு மதுரையிலிருந்து ஒரு திறந்த மடல்

கார் நிறுவனங்களின் டிசைன் பிரிவில் வேலை பார்க்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

மதுரையில் கார் என்றால் சாப்பாட்டை மறந்து பேசும் கூட்டம் ஒன்று உண்டு. நானும் அதில் ஒருவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அழகர்கோவில் ரோட்டு டீக்கடை வாசலில் வண்டிகளை நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பித்தால், வெயில் ஏறும் வரை ஓயமாட்டோம். சில வருடங்களாக அந்தப் பேச்சில் பாதிக்கு மேல் எலெக்ட்ரிக் கார்கள்தான். திரும்பத் திரும்ப வருகிற சில விஷயங்களை உங்கள் காதில் போட்டுவைக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெட்ரோல் வாசனை இல்லாவிட்டால் அது காரே இல்லை என்று அடம்பிடிப்பவர்கள் இல்லை நாங்கள். மதுரைக்கு மாற்று எரிபொருள் புதிதும் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, இங்கே பேருந்துத் தொழிலில் வளர்ந்த டி.வி.எஸ். நிறுவனம் கரியிலிருந்து வாயு எடுத்து வண்டி ஓட்டும் கருவியைத் தயாரித்தது. அந்த ஊர்க்காரர்கள் நாங்கள். எலெக்ட்ரிக் காரின் ஓட்டம் எங்களுக்கு மனசாரப் பிடித்திருக்கிறது. 2023-இல் திறந்த நத்தம் ரோடு மேம்பாலம் 7.3 கிலோமீட்டர் நீளம். விடிகாலையில் காலியாகக் கிடக்கும் அந்தப் பாலத்தில் மிதித்த கணமே வண்டி கிளம்பும் இழுவை இருக்கிறதே, அதை ஒருதரம் அனுபவித்தவர் கியர் வண்டிக்குத் திரும்ப யோசிப்பார். கொடைக்கானலில் இருந்து இறங்கும்போது இன்னும் சுகம். ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தாலே வேகம் குறைகிறது, பிரேக்குக்கு அதிகம் வேலை இல்லை. வளைவுகள் எல்லாம் முடிந்து வத்தலக்குண்டு வந்து சேரும்போது, மலைமேல் இருந்ததைவிட பேட்டரியில் சார்ஜ் ஏறியிருக்கும்.

ஆக, மோட்டாரோடும் பேட்டரியோடும் எங்களுக்குச் சண்டை இல்லை. உங்கள் பென்சிலோடுதான்.

முதலில் வண்டியின் முகம். பானெட்டுக்குக் கீழே எஞ்சின் இல்லை, முன்பு போல அத்தனை காற்றும் வேண்டாம் என்பதால் கிரில்லை மூடிவிட்டீர்கள். நியாயம்தான். ஆனால் மூடிய இடத்தில் ஆளாளுக்கு ஒரே மாதிரி விளக்குப் பட்டையை இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரம் வரை இழுத்துவிட்டீர்கள். ராத்திரி ரிங் ரோட்டில் எதிரே வருவது எந்தக் கம்பெனி வண்டி என்று பெயரைப் படித்தால்தான் தெரிகிறது. அம்பாசடரையும் பத்மினியையும் மாருதி 800-ஐயும் ஹெட்லைட்டை வைத்தே தூரத்தில் அடையாளம் சொல்லி வளர்ந்தவர்களுக்கு இது பெரிய இழப்பு.

தைரியமாக வரைந்தவர்களும் இருக்கிறார்கள். 2024 நவம்பரில் சென்னையில் மஹிந்திரா காட்டிய பிஇ 6 வண்டியைப் பற்றி எங்கள் கூட்டத்தில் நடந்த சண்டை இன்னும் முடியவில்லை. பாதிப் பேர் ‘ரொம்ப ஓவர்’ என்கிறார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது. உடம்பெல்லாம் மடிப்பும் வெட்டுமாக இருந்தாலும் அது யாரையும் பார்த்து வரைந்த வண்டி இல்லை. டிசைனர் பிரதாப் போஸ் தலைமையில் அந்தக் குழு துணிந்து இறங்கியிருக்கிறது. ஹூண்டாயின் கிரெட்டா எலெக்ட்ரிக் இதற்கு நேர் எதிர். பெட்ரோல் கிரெட்டாவின் அதே உடம்பு, மூடிய முகம், அவ்வளவுதான். ஊருக்குள் யாரும் திரும்பிப் பார்க்காத வண்டியே போதும் என்கிறவர்களுக்கு அது சரி.

என்னைக் கேட்டால் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. ஹூண்டாய் ஐயோனிக் 5-ஐப் பாருங்கள். 1974-இல் அவர்களே காட்டிய போனி கூப்பே என்ற மாதிரிக் காரின் நேர்கோடுகளை எடுத்து, அதில் சின்னச் சின்னச் சதுர விளக்குகளைப் பதித்தார்கள். பழசின் வேரும் இருக்கிறது, பார்க்கப் புதுசாகவும் இருக்கிறது. 1991-இல் வந்த சியராவை டாடா 2025-இல் மறுபடி கொண்டுவந்தபோது, கூரை வரை வளைந்து ஏறும் அந்தப் பின்பக்க ஜன்னல் கண்ணாடியின் சாயலைப் பார்த்ததுமே எங்கள் கூட்டத்துப் பெரிசுகளின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதன் எலெக்ட்ரிக் வடிவத்தின் மேல்தான் எங்களில் பலருக்குக் கண். நம் ரோட்டில் ஓடிய வண்டிகளில் எடுத்துக்கொள்ள இன்னும் எவ்வளவோ இருக்கிறது.

வெளியே இருப்பதையாவது ரசனை என்று விட்டுவிடலாம். உள்ளே உட்கார்ந்தால்தான் எனக்கு ஆற்றாமை கூடுகிறது.

கண்ணாடிக் கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். மத்தியானம் மாட்டுத்தாவணிப் பக்கம் வெட்டவெளியில் நிறுத்திய காரில் ஏறினால், உள்ளே அடுப்பங்கரையில் நுழைந்த மாதிரி இருக்கும். இரும்புக் கூரைக்கே அந்தக் கதி. நீங்களோ கூரை முழுவதையும் கண்ணாடியாக்கி, சில மாடல்களில் இழுத்து மூடும் திரையைக்கூட விட்டுவிட்டீர்கள். கதிரைத் தடுக்கும் பூச்சு இருக்கிறது என்கிறார்கள். இருக்கட்டும். உச்சந்தலையில் விழும் சூடு பூச்சை மதிப்பதில்லை. ஏசியை உச்சத்தில் வைக்கிறோம். அந்த ஏசி குடிப்பதும் வண்டியை ஓட்டும் அதே பேட்டரியைத்தான். எட்டிப் பிடிக்க வேண்டிய ரேஞ்சை, அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரத்தை, கூரை வழியாக ஒழுகவிடுவது என்ன டிசைன்? குளிர் நாட்டில் வெயிலைக் கூப்பிட்டு உள்ளே உட்கார வைப்பார்கள். நாங்கள் ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டுகிறவர்கள். டாப் வேரியண்ட் வாங்கினாலும் சாதாரணக் கூரையைக் கேட்டு வாங்கும் வசதியைத் தாருங்கள்.

அடுத்தது திரை. சாயங்காலம் நாலரை மணிக்கு உசிலம்பட்டியில் இருந்து மதுரைக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வந்து பாருங்கள். வெயில் முதுகுப்பக்கம் இருந்து, பின் கண்ணாடி வழியாக நேரே டச் ஸ்கிரீனில் விழும். அதில் அன்றைய விரல் ரேகையும், ஜன்னலைத் திறந்தபோது ஏறிய தூசியும் வெள்ளையாகத் தெரியுமே தவிர, எழுத்து தெரியாது. அந்த நேரம் பார்த்து ஏசி காற்றைக் காலுக்குத் திருப்ப வேண்டும் என்றால், ஒரு பட்டனைத் தொட்டு, இன்னொரு பக்கம் திறந்து, அதில் ஒரு கோட்டை விரலால் இழுக்க வேண்டும். எதிரே கரும்பு லாரி, நடுவில் ஆட்டு மந்தை. பழைய வண்டியில் திருகு ஒன்று இருந்தது. கண்ணை ரோட்டில் இருந்து எடுக்காமலே கை அதைத் தேடிப் பிடித்துவிடும்.

இது எங்கள் ஊர்க்காரர்களின் பிடிவாதம் மட்டும் இல்லை. ஐரோப்பாவில் கார்களை மோதிப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப் அமைப்பு, 2026 முதல் இண்டிகேட்டர், ஹசார்ட் விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பட்டனோ நெம்புகோலோ இல்லாத வண்டிக்கு மதிப்பெண்ணைக் குறைக்கிறது. ஃபோக்ஸ்வாகனின் டிசைன் தலைவரே, முக்கியமான பட்டன்களைத் திரும்பக் கொண்டுவருகிறோம் என்று 2025-இல் சொன்னார். அங்கே திருந்துகிற நேரத்தில் இங்கே புதிதாகப் பட்டனைப் பிடுங்காதீர்கள். அப்புறம் அந்தப் பளபளக்கும் கருப்பு பிளாஸ்டிக். ஒரு துணி எப்போதும் கையில் இருந்தால்தான் அதைக் காப்பாற்ற முடியும் இந்த ஊர்த் தூசியில்.

கதவுக்கு வருகிறேன். உடம்போடு ஒட்டிக்கிடக்கும் கைப்பிடி காற்றுத் தடையைக் குறைக்கும், பார்க்கவும் வழவழப்பாக இருக்கும். ஆனால் எங்கள் அம்மா அந்தக் கதவு முன்னால் நின்றதைப் பார்த்தேன். ஒரு கையில் பூக்கூடை, இன்னொரு கையில் சேலைக் கொசுவம். கைப்பிடியின் ஒரு முனையைக் கட்டைவிரலால் அழுத்தி, மறுமுனை வெளியே வந்ததும் மற்ற விரல்களால் இழுக்க வேண்டும். மூட்டுவலி உள்ள விரலுக்கு அது பெரிய வித்தை. கூடையைக் கீழே வைத்துவிட்டு, யாராவது வந்து திறக்கட்டும் என்று ஓரமாக நின்றுவிட்டார். சொந்தப் பிள்ளையின் காரில் ஏற ஒரு தாய் அடுத்தவர் கையை எதிர்பார்க்க வைக்கும் கதவை நான் நல்ல டிசைன் என்று ஒப்புக்கொள்ளமாட்டேன். மின்சாரத்தில் இயங்கும் கைப்பிடி என்றால், விபத்தில் மின்சாரம் போய்விட்டால் வெளியே இருப்பவர் எப்படித் திறப்பார் என்ற கேள்வியும் இருக்கிறது. சீன அரசு 2027 ஜனவரி முதல், கையால் இழுத்துத் திறக்கும் வசதி கதவின் உள்ளேயும் வெளியேயும் கட்டாயம் என்று விதி போட்டிருப்பது அதனால்தான். நம் அரசு விதி போடும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டுமா?

பின்சீட்டைப் பற்றி டிசைன் பேட்டிகளில் யாரும் பேசுவதில்லை. பேட்டரி தரைக்குள் போனதால் தரை உயர்ந்துவிட்டது. சீட்டை அதே அளவு உயர்த்தினால் தலை கூரையில் இடிக்கும், அதனால் சீட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. விளைவு, முழங்கால் மேலே தூக்கி நிற்கிறது, தொடை அந்தரத்தில் தொங்குகிறது. பழனிக்கோ ராமேஸ்வரத்துக்கோ குடும்பத்தோடு போய் இறங்கும்போது பின்னால் இருந்த பெரியவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். போதாததற்குக் கூப்பே மோகத்தில் கூரையைப் பின்னால் சரித்து, ஜன்னலையும் குறுக்கிவிட்டீர்கள். குழந்தைக்கு வெளியே வயல் தெரிய வேண்டாமா? இந்த விஷயத்தில் எம்ஜி வின்ட்சரை மனதாரப் பாராட்டுகிறேன். பின்சீட்டைச் சாய்த்து நீட்டிக்கொள்ளலாம், கால் வைக்கத் தாராளமான இடம். வெளித்தோற்றத்தில் எங்கள் கூட்டத்தை மயக்காத வண்டிதான், ஆனால் உட்கார்ந்த எல்லாரும் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

இன்னொரு சின்ன விஷயம், எங்களுக்குச் சின்னது இல்லை. ஆயுதபூஜை அன்று பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்து, கிரில்லில் மாலை கட்டுவோம். கல்யாணக் காருக்குப் பூச்சரம் கட்டுவது கிரில்லிலும் கதவுக் கைப்பிடியிலும்தான். இப்போது இரண்டும் இல்லை. பூக்கட்டும் பையன் செலோடேப்பை எடுத்துக்கொண்டு புதுப் பெயிண்டின் மேல் ஒட்ட வருகிறான். மாலை கட்ட, கண்ணுக்குத் தெரியாத மாதிரி இரண்டு கொக்கிகள். வரைவதற்கு உங்களுக்குப் பத்து நிமிஷம் ஆகுமா?

ஸ்டெப்னி பற்றி நீட்டவில்லை. டயர் காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி வேண்டாம் என்று 2020-இல் விதி தளர்ந்தது உண்மை. டயரின் பக்கவாட்டில் கல் கிழித்தால் கிட் உதவாது என்பதும் உண்மை. பேரையூர்ப் பக்கம் ராத்திரியில் அந்தக் கிட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்தக் கார்கள் எங்கோ செய்து கப்பலில் வருபவை இல்லை. கிரெட்டா எலெக்ட்ரிக் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தயாராகிறது. வியட்நாம் கார் நிறுவனமான வின்ஃபாஸ்ட்டின் ஆலை 2025 ஆகஸ்ட்டில் தூத்துக்குடியில் திறந்தது, எங்களுக்கு நாலுவழிச் சாலையில் ஒரு காலைப் பயணம். மஹிந்திராவின் ஆராய்ச்சி மையம் செங்கல்பட்டுப் பக்கம் இருக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள். அதனால் ஒரு கோரிக்கை. அடுத்த மாடலின் களிமண் உருவத்துக்குக் கடைசிக் கையெழுத்துப் போடும் முன், அக்னி நட்சத்திரத்தில் ஒருமுறை மதுரைக்கு வாருங்கள். மாதிரி வண்டியைக் கொண்டுவர முடியாவிட்டால் கதவையும் சீட்டையும் திரையையும் மட்டுமாவது கொண்டுவாருங்கள். கதவைத் திறந்து பார்க்க எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வருவார்கள், பின்சீட்டில் உட்காரக் குழந்தைகள் வருவார்கள், உசிலம்பட்டி ரோட்டில் ஓட்டிக் காட்ட நாங்கள் வருகிறோம். எந்த ஞாயிறு என்று மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மதுரைக் கார் பிரியர்களில் ஒருவன்