கடலோர நகராட்சிகளின் அவசரகாலக் கட்டடங்களுக்குக் கட்டடக்கலை நிறுவனம் தேர்வு செய்யும் முறை: கோரிக்கை மனு

அனுப்புநர்:
நாகப்பட்டினம் மாவட்டக் கட்டடக்கலைஞர்கள், கட்டுமானப் பொறியாளர்கள்

பெறுநர்:
நகராட்சி நிர்வாக இயக்குநர் அவர்கள், சென்னை

பொருள்: தீயணைப்பு நிலையம், காவல் உதவி மையம், அவசரகாலக் கட்டுப்பாட்டு அறை ஆகியவை ஒரே வளாகத்தில் அமையும் நகராட்சிக் கட்டடங்கள் – குறைந்த கட்டணத்தை மட்டும் பார்த்து வடிவமைப்பாளரைத் தேர்வு செய்வதைத் தவிர்க்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். கட்டும் ஒப்பந்ததாரரைக் குறைந்த விலைப்புள்ளி வைத்துத் தேர்வு செய்வதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. அவர் செய்ய வேண்டிய அளவும் தரமும் வரைபடத்திலும் மதிப்பீட்டிலும் முன்பே எழுதப்பட்டிருக்கும். அந்த வரைபடத்தையே இனிமேல்தான் ஒருவர் போட வேண்டும் என்னும்போது, எதை எதோடு ஒப்பிட்டுக் குறைந்த விலை என்கிறோம்? கட்டணம் அடிமட்டத்துக்கு இறங்கினால் முதலில் காணாமல் போவது தளப் பார்வை, அதாவது கட்டுமிடத்துக்கு நேரில் போய்ப் பார்ப்பது. அடுத்தது அனுபவமுள்ள கட்டமைப்புப் பொறியாளர். கடைசியில் வேறு ஊருக்குப் போட்ட வரைபடம் ஊர்ப்பெயர் மட்டும் மாறி வந்து சேரும்.

இந்தக் கடற்கரையில் அது ஆபத்து. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபின், டெல்டாவின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. புயலுக்குப் பின்னும் இயங்க வேண்டிய கட்டடங்களுக்கு, கிழக்குக் கடற்கரையில் 60 கி.மீ. அகலத்துக்கு, வடிவமைப்புக் காற்று வேகத்தை 1.30 ஆல் பெருக்கச் சொல்கிறது காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 பகுதி 3 (2015). காற்றழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும் என்பதால் சுமை 1.69 மடங்காகிறது. நிலநடுக்கத்துக்கான தரநிலை ஐ.எஸ். 1893 (2016) தீயணைப்பு நிலையத்துக்கு முக்கியத்துவக் காரணியாக, அதாவது நிலநடுக்கச் சுமையைப் பெருக்கும் எண்ணாக, 1.5 தருகிறது. அலுவலகக் கட்டட வரைபடத்தை நகலெடுத்தால் இவை இரண்டும் விடுபடும். புயலில் முதலில் பிய்த்துக்கொள்வது தீயணைப்பு வண்டிக்கூடத்தின் ஷட்டர்: அகலமான ஷட்டர் வளைந்து பக்கத் தடத்திலிருந்து கழன்றதும் காற்று உள்ளே புகுந்து கூரையை மேலே தூக்கும்.

மற்ற பிழைகள் இன்னும் எளிமையானவை, ஆனால் கட்டிய பிறகு திருத்த முடியாதவை. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 தீயணைப்பு வண்டிக்கு 6 மீ. நுழைவாயில், 9 மீ. திருப்பு ஆரம், 45 டன் தாங்கும் தரை கேட்கிறது. வண்டிக்கூடத்தின் முன்னால் வண்டி நீளத்துக்குக் கூட இடம் விடாமல் சுற்றுச்சுவர் கட்டினால் வண்டி ஒவ்வொரு முறையும் சாலையை மறித்துத்தான் வெளியேறும். 15 மீ. ஹோஸை மடித்துத் தொங்கவிட்டு உலர்த்த 8 மீட்டருக்குக் குறையாத உயரம் வேண்டும். அதை மறந்தால் ஈர ஹோஸ் சுருட்டிய நிலையிலேயே பூஞ்சை பிடிக்கும். ஜெனரேட்டரும் மின்பலகையும் தரைத்தளத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதை 2015 சென்னை வெள்ளம் காட்டிவிட்டது. 100 கே.வி.ஏ. ஜெனரேட்டரை முக்கால் சுமையில் 72 மணி நேரம் ஓட்ட ஏறத்தாழ 1,200 லிட்டர் டீசல் தேவை. உரிமம் இல்லாமல் ஒரே கலத்தில் 1,000 லிட்டருக்கு மேல் வைக்க முடியாது. இரண்டு தொட்டிகளாகப் பிரித்து, வெள்ள மட்டத்துக்கு மேலே இடம் ஒதுக்கும் வடிவமைப்பாளர்தான் வேண்டும்.

ஆகவே, தகுதி விவரமும் கட்டணமும் தனித்தனி உறைகளில் பெறப்படும் இரு உறை முறையில் தொழில்நுட்பத் தகுதிக்கு 80, கட்டணத்துக்கு 20 என மதிப்பெண் பிரிக்கக் கோருகிறோம். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017 (விதி 192) தரம் சார்ந்த பகுதிக்கு அனுமதிக்கும் உச்சம் 80 விழுக்காடு. அவ்விதி மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அளவுகோலாகக் கொள்ளலாம். ஒரு கணக்கு: 10 கோடி ரூபாய் கட்டடம். 'அ' நிறுவனம் தகுதியில் 85, கட்டணம் கட்டட மதிப்பில் 3.2 விழுக்காடு. 'ஆ' நிறுவனம் 72, கட்டணம் 2 விழுக்காடு. குறைந்த கட்டணத்துக்கு 100, மற்றதற்கு அந்த விகிதத்தில் குறைத்து மதிப்பெண் தந்தால், 'அ'வின் கட்டண மதிப்பெண் 62.5, 'ஆ'வுடையது 100. 80:20 எனில் 'அ' 80.5, 'ஆ' 77.6. 70:30 ஆக்கினால் 78.25க்கு எதிராக 80.4 பெற்று 'ஆ' முந்திவிடும். இருவருக்கும் கட்டண வித்தியாசம் 12 லட்சம் ரூபாய்தான். விகிதத்தை யார் எப்போது முடிவு செய்கிறார்கள் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. எனவே அது ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பிலேயே அச்சாக வேண்டும்.

தகுதிக்கான 100ஐ இப்படிப் பிரிக்கலாம்: ஒத்த பணிகள் 25, பணிக்குழு 25, அந்தக் குறிப்பிட்ட மனைக்கான முன்வரைவு 30, நேர்காணல் 20. 70க்குக் கீழே பெற்றவரின் கட்டண உறையைப் பிரிக்கவே வேண்டாம். ஒத்த பணி என்பதில் திருமண மண்டபமும் வணிக வளாகமும் சேரக்கூடாது. மருத்துவமனை, துணை மின்நிலையம், புயல் பாதுகாப்பு மையம் சேரலாம். ஆண்டு விற்றுமுதல் வரம்பைப் பெரிதாக வைத்தால் திறமையான சிறு நிறுவனங்கள் வாசலிலேயே நின்றுவிடும். முதன்மைக் கட்டடக்கலைஞர் 1972ஆம் ஆண்டு கட்டடக்கலைஞர்கள் சட்டப்படி பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். குழுவில் பெயர் கொடுத்தவரை எழுத்து அனுமதியின்றி மாற்றக்கூடாது.

மதிப்பீட்டுக் குழுவில் மாவட்டத் தீயணைப்பு அலுவலரும் ஒரு நிலைய அலுவலரும் வேண்டும். வண்டி ஓட்டுநர் ஒருவரையும் அழைத்து முன்வரைவைக் காட்டுங்கள். திருப்பத்தில் எங்கே இடிக்கும் என்பதை அவர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்.

மண் பரிசோதனை வடிவமைப்பாளர் நியமனத்துக்கு முன்பே முடிந்து, அறிக்கை அறிவிப்போடு இணைக்கப்பட வேண்டும். பின்னால் செய்தால் அடித்தள வகை மாறி மதிப்பீடும் மாறும். கட்டமைப்பு வரைபடங்களை அரசுப் பொறியியல் கல்வி நிறுவனம் ஒன்று சரிபார்க்க வேண்டும். கட்டணத்தின் பெரும்பகுதியை வரைபடம் தந்ததுமே கொடுத்துவிட்டால் கட்டும்போது யாரும் தளத்துக்கு வரமாட்டார்கள். குறைந்தது 30 விழுக்காட்டைக் கட்டுமானக் காலத் தளப் பார்வைகளுக்கும் நிறைவுச் சான்றுக்கும் நிறுத்தி வைக்கக் கோருகிறோம்.

மேற்கண்டவற்றை மாதிரி ஒப்பந்தப்புள்ளி ஆவணமாக்கி, கடலோர நகராட்சி ஆணையர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். ஆவண வரைவைத் தயாரித்துத் தர நாங்கள் தயாராக உள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்