முக்கோணம் இருந்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வீட்டுக் குறிப்புகள் பகுதியில், 'அடியில் முக்கோணக் குறி இருந்தால் அந்தப் பிளாஸ்டிக்கை மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடலாம்' என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். அதை எழுதியவர் ஒருமுறையாவது சாக்குப்பையோடு பழைய இரும்புக் கடை வாசலில் நின்றிருப்பாரா?

நான் நின்றேன். ஆடி மாதத்திலிருந்து சேர்த்துவைத்ததையெல்லாம் கழுவி, திண்ணையில் காயவைத்து, வீட்டுக்காரரின் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் சாக்கைக் கவிழ்த்தார். தண்ணீர் பாட்டில்கள் ஒரு பக்கம் போயின, ஷாம்பு டப்பாவும் பினாயில் கேனும் இன்னொரு பக்கம், பால் கவர் தனியாக. தயிர்க் கப்பை மட்டும் கையில் எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். படக்கென்று உடைந்தது. "அம்மணி, இதற்கு ஆள் இல்லை" என்றார். அடியில் முக்கோணம் இருக்கிறதே, உள்ளே 6 என்றுகூடப் போட்டிருக்கிறதே என்று காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பார்த்துவிட்டு உடைந்த இரண்டு துண்டையும் என் கையிலேயே கொடுத்தார். (மாடு கட்டியிருந்த வீட்டில் தயிரைக் கப்பில் வாங்குவது என் சோம்பேறித்தனம்தான். அது வேறு கதை.)

முக்கோணத்துக்குள் இருக்கும் எண்கள் 1988இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில்துறையினர் கொண்டுவந்தவை. 1 என்றால் தண்ணீர் பாட்டில் செய்யும் 'பெட்' (PET), 2 கெட்டிப் பாலிதீன், 5 பாலிபுரொப்பிலீன், 6 என் தயிர்க் கப்பின் பாலிஸ்டைரீன். எதிலும் சேராததையெல்லாம் 7இல் தள்ளிவிட்டார்கள். பொருள் இன்ன ரகம் என்பதைத் தவிர அந்தக் குறி வேறொன்றும் சொல்வதில்லை. தங்களுக்குத் தெரியாததா?

2019 ஜனவரி 1 அன்று தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது தலையங்கம் எழுதினீர்கள், நன்றாகவே இருந்தது. அந்த இதழ் என் வீட்டுக்குப் பிளாஸ்டிக் உறையில் வந்தது. இன்றும் அப்படித்தான் வருகிறது. அதில் முக்கோணமும் இல்லை, எண்ணும் இல்லை. பொங்கல் மலரில் ஒட்டி அனுப்பினீர்களே ஷாம்பு பாக்கெட், அதை எந்தக் கடையில் போடுவது?

ஈரக் குப்பை பச்சைக் கூடைக்கு, உலர் குப்பை நீலக் கூடைக்கு என்று பாடம் எடுத்தீர்கள். எங்கள் தெருவுக்கு வரும் வண்டியில் இரண்டும் ஒரே தொட்டியில் விழுவதை அப்போதே எழுதி அனுப்பினேன். கடிதத்துக்கு இடமில்லை போலிருக்கிறது. அந்த வாரம் ராசிபலன் நான்கு பக்கம் வந்திருந்தது.

இத்தனைக்கும் நாம் இருப்பது கொங்கு நாட்டில். தண்ணீர் பாட்டிலை நூலாக்கும் ஆலை கரூரிலேயே இருக்கிறது. 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்குப் போட்டுக்கொண்டு வந்த நீல நிற மேலங்கிக்குத் துணி அங்கிருந்துதான் போனது. திருப்பூரில் அப்படிப்பட்ட நூலில் பனியன் தைக்கிறார்கள். பக்கத்து ஊரில் போய்க் கேட்டிருந்தாலே போதுமே, ஐயா.

அடுத்த இதழில் அரைப் பத்தி ஒதுக்குங்கள். எதை எடைக்கு எடுப்பார்கள், எதை எடுக்கமாட்டார்கள் என்று ஒரு பழைய இரும்புக் கடைக்காரரைக் கேட்டுப் போடுங்கள். என் சந்தாப் பிரதியை உறை இல்லாமலே அனுப்புங்கள். மழையில் நனைந்தால் காயவைத்துப் படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பதினாறு ஆண்டுச் சந்தாதாரர்,
கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கிராமம்